என் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டில் வசூலிக்காதீர்கள்: நம் வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணாச்சி, செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதக் கூட்டத்தின் நான்காவது தீர்மானத்தை என்னால் ஏற்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நம் கடைவீதியில் திருடிப் பிடிபட்டால் பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கைப் பெற்றோரிடம் வசூலிப்பது, அதில் ஒரு பங்கைச் சங்க நிதிக்கு எடுத்துக்கொள்வது, பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அன்று நான் உதிரிபாகம் எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தேன். வந்து மினிட் புத்தகத்தைப் பார்த்தால், "மோட்டார் ரீவைண்டிங் கடை விஷயத்தில் கையாண்ட முறையையே இனி அனைவருக்கும் பின்பற்றுவது" என்று எழுதியிருக்கிறது.

அந்தக் கடை என்னுடையது. அந்த முறை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன், எதிர்த்து வாயைத் திறக்காமல்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். கிணற்று மோட்டாரின் காயில் எரிந்தால் விவசாயிகள் என்னிடம் கொண்டுவருவார்கள். எரிந்த காயிலைப் பிரித்தெடுத்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். பழைய காப்பரை எடைபோட்டு, அதன் விலையைக் கழித்துக்கொண்டுதான் பில். பிரித்த காப்பரைக் கடைக்குப் பின்னால் சாக்கில் போட்டு வைப்பது வழக்கம். இரண்டு மாதம் சேர்த்து மொத்தமாக விற்றால் கம்பி வாங்கிய கடனில் கொஞ்சம் அடையும். பார்ப்பவருக்கு அது குப்பைமூட்டை. எனக்கு அது ரொக்கம்.

அந்தச் சாக்கிலிருந்து 11 கிலோ போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை, மூன்று நான்கு தடவையாக. சங்கம் சொல்லி நான் வாங்கி மாட்டிய கேமரா அந்த வாரம் பார்த்து வேலை செய்யவில்லை. எதிர்க்கடை கேமராவில்தான் பையன் தெரிந்தான். பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. அவனைப் பிடித்துச் சங்க அலுவலகத்தில் உட்கார வைத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அந்தக் காப்பரில் பாதிக்கு நான் ஏற்கெனவே விவசாயிகளின் பில்லில் கழித்துக் கொடுத்துவிட்டேன். திருடிய காசில் அவன் என்ன செய்தான் என்று கேட்டதற்கு, கூட்டாளிகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்ததாகவும் போன் விளையாட்டில் போட்டுவிட்டதாகவும் சொன்னான். வீட்டில் பசி, தங்கைக்கு மருந்து என்று அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனசு இளகியிருக்கும். அதனால் இந்தக் கடிதம் பரிதாபப்பட்டு எழுதியது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவன் அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். இருவரும் வேலைத்துணியோடு வந்து நின்றார்கள். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அப்பா எங்கள் எல்லோர் முன்னாலும் மகனை அறைந்தார். எங்களுக்காகத்தான் அடிக்கிறார் என்பது அந்த அடியிலேயே தெரிந்தது. அதை ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கணக்குப் போட்டீர்கள். கிலோ 680 ரூபாய் வீதம் 11 கிலோவுக்கு 7,480. "இதை மட்டும் வாங்கினால் பயம் வராது, ஐந்தால் பெருக்குங்கள்" என்று ஒரு குரல். 37,400 ஆனது. எனக்கு 7,480 போதும் என்று நான் முனகியதற்கு, "உங்களுக்குப் போதும் அண்ணாச்சி, கடைவீதிக்குப் போதாதே" என்று சிரித்தீர்கள். கட்டாவிட்டால் பையனைப் போலீஸில் கொடுப்போம், படிப்பு போய்விடும், ஆயுசுக்கும் கேஸ் நிற்கும் என்று சொல்லி, 20 ரூபாய்ப் பத்திரத்தில் அவர்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று செயலாளருடையது. மற்றது என்னுடையது.

எட்டு நாளில் அந்த அம்மா 15,000 கொண்டுவந்து கட்டினார். கம்மலை அடகு வைத்திருக்கிறார். அதில் 7,480ஐ நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். மீதி 7,520 பொருளாளரிடம் இருக்கிறது. அதற்கு இன்றுவரை ரசீது கிடையாது. இன்னும் 22,400 பாக்கி என்று மாதாமாதம் ஆள் அனுப்பிக் கேட்கிறீர்கள்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய மனிதர் சொன்ன யோசனையையும் எழுதிவிடுகிறேன், அது மினிட் புத்தகத்தில் இல்லை. "காசு புரளாவிட்டால் பையனை என் கடையில் விடுங்கள், சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்றார். அதைப் பெரிய உபகாரம்போலத்தான் சொன்னார். கடனுக்கு ஈடாக ஆளை வேலைக்குப் பிடித்து வைப்பதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு ஒழித்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவோ, பிள்ளையை வேலைக்காகப் பிணைத்து வைத்தாலும், அவன் சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தாலும் ஐந்து வருஷம்வரை கடுங்காவல் என்கிறது. நல்லவேளை, அந்த அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் நான் காவல் நிலையத்துக்குத்தான் போனேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "மைனர் கேஸ் சார், எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம், நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நாமும் சட்டம் கைவிட்டது, சங்கம் கைகொடுத்தது என்று நம்பினோம். என் அக்கா மகள் வழக்கறிஞர். அவளிடம் இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதுதான் நிலையத்தில் சொன்னது பாதி உண்மை என்று தெரிந்தது.

எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது என்பது சரி. கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழியச் சிறுவர்மேல் எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. ஆனால் சும்மா விடவும் சொல்லவில்லை. தகவலைப் பொது நாட்குறிப்பில் பதிய வேண்டும். குடும்பச் சூழலை விசாரித்து எழுதிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் இருக்க வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். அறிவுரை சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைப் பிணையில் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். பெற்றோர் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிடலாம், 18ஆம் பிரிவில் அது இருக்கிறது.

ஆயுசுக்கும் கேஸ் நிற்கும் என்று அந்தத் தாயிடம் சொன்னோமே, அது பொய். நம்மில் யாருக்கும் அது பொய்யென்று தெரியாது, ஆனாலும் பொய். சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதிக்குறைவும் வரக்கூடாது என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றம் செய்த பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில்தான் விலக்கு. பதினான்கு வயதில் காப்பர் திருடியவனுக்கு அந்த விலக்குப் பொருந்தாது.

"அப்போ பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அவளிடம் இதையேதான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. நம் நாட்டு உரிமையியல் சட்டத்தில், மகன் செய்த நஷ்டத்துக்கு அப்பன் என்ற ஒரே காரணத்தால் அப்பன் பொறுப்பாக மாட்டார். அவர் தூண்டிவிட்டிருக்க வேண்டும், அல்லது அவருடைய சொந்தக் கவனக்குறைவால் நஷ்டம் வந்திருக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். பெற்றோரைப் பொறுப்பாக்க நினைத்த இடத்தில் சட்டம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவைப் பாருங்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம்வரை சிறை, 25,000 அபராதம். திருட்டுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. (நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிலேயே அப்பாவின் புல்லட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று நான் எண்ண ஆரம்பித்தால் சங்கம் தாங்காது.)

ஆக, பெற்றோர் பணம் தர வேண்டுமென்றால் அவர்களாக மனமொப்பித் தர வேண்டும். நம் பத்திரத்தில் இருப்பது ஒப்புதலா? பிள்ளையை அறையில் வைத்துக்கொண்டு, போலீஸ் என்று மிரட்டி வாங்கிய கையெழுத்து அது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வற்புறுத்தி வாங்கிய ஒப்பந்தத்தை அவர்கள் ரத்து செய்யக் கேட்கலாம். மிரட்டிப் பணம் பறித்தல் என்று அவர்கள் புகார் கொடுத்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் ஏழு வருஷம்வரை தண்டனை. பையன் செய்ததுபோன்ற சாதாரணத் திருட்டுக்கு 303ஆம் பிரிவில் மூன்று வருஷம்வரைதான், அதுவும் பெரியவர்களுக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைப் படிக்கிற சிலர் நான் பணமே கேட்டிருக்கக்கூடாது என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என் 7,480ஐ நான் கேட்டது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. பிள்ளை எடுத்ததற்கு வீட்டார் ஈடு செய்வது நம் ஊரில் காலங்காலமாக உள்ள நியாயம்தான். அந்த அப்பா தனியாக என்னைப் பார்த்தபோது, "உங்க பொருளுக்கு உண்டானதைக் கொடுத்துடுறேன் அண்ணாச்சி, அது என் கடன்" என்று அவராகத்தான் சொன்னார். அந்த வார்த்தையோடு நின்றிருந்தால் மாதம் ஆயிரமாக எட்டு மாதத்தில் முடிந்திருக்கும், கம்மலும் காதில் இருந்திருக்கும். போன சொத்தின் மதிப்பு இழப்பீடு. அதற்கு மேல் நான்கு மடங்கு போட்டால் அது தண்டனை. தண்டிக்கிற அதிகாரத்தை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

சட்டத்தின்மேலும் எனக்கு மனக்குறை உண்டு. குழுமம் பெற்றோருக்கு அபராதம் போட்டாலும், அந்தப் பணத்தைப் பொருளைப் பறிகொடுத்தவனுக்குக் கொடு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. பெரியவன் ஒருவனை நன்னடத்தையில் விடுவித்தால், 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சிறுவர் விஷயத்திலும் அதுபோல, குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து, உண்மையான நஷ்டத்துக்கு மட்டும், தவணையில் கட்டச் சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. சங்கம் அரசுக்கு மனு கொடுக்க வேண்டிய விஷயம் இது. குப்பை வரிக்கும் வாடகை ஏற்றத்துக்கும் கொடுத்த மனுக்களில் இது ஒன்றுகூட இல்லை.

இனி, யாரும் பேச விரும்பாத ஆளைப் பற்றிப் பேசுகிறேன். 11 கிலோ காப்பரைப் பையன் தின்றுவிடவில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டான். கிலோவுக்கு 200 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். 680க்குப் போகும் சரக்கு. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், பையில் பிரித்த மோட்டார் காயிலோடு மூன்று நான்கு தடவை வந்து நிற்கிறான். இந்த ஊரில் காயில் பிரிக்கிற கடை என்னுடையதையும் சேர்த்து மூன்றுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? தெரிந்ததால்தான் 200. பையனுக்கு இதில் வந்தது 2,200. வாங்கியவருக்கு நின்றது ஐயாயிரத்துக்கு மேல். திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று வருஷம்வரை சிறை உண்டு.

அந்தக் கடைக்காரரும் நம் உறுப்பினர்தான். பையனைப் பிடித்து வைத்த அன்று அலுவலகத்துக்கு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஐந்து மடங்கு என்றபோது தலையாட்டினார். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. நான்காவது தீர்மானத்தைக் கைதூக்கி ஆதரித்தவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரிடம் 37,400 கேட்க வாய் வந்தது, சரக்கைத் தின்றவரிடம் 7,480 கேட்க வரவில்லை. பெற்றோரிடம் ஐந்து மடங்கு வாங்கினாலும் ஐம்பது மடங்கு வாங்கினாலும் அந்தத் தராசு அங்கே இருக்கிறவரை என் சாக்கு காலியாகிக்கொண்டுதான் இருக்கும்.

படத்தைப் பற்றி. அறை வாங்கியபோது எடுத்த அந்தக் காணொளி சங்கக் குழுவிலிருந்து தெருக் குழுக்களுக்கும், அங்கிருந்து பள்ளிக்கும் போய்விட்டது. விசாரணைக்கு உட்பட்ட சிறுவனின் பெயர், பள்ளி, படம் எதையும் எந்தத் தகவல் வடிவிலும் வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். குழுமத்துக்கு அனுப்பவே இல்லையே, அப்புறம் எந்த விசாரணை என்று செயலாளர் வாதாடலாம். வாதாடட்டும். பையன் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. திருப்பூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அவன் அம்மா சொன்னார். அங்கே என்ன செய்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்குப் பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் இதே முறையில் பத்திரம் எழுதி வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒன்று பலசரக்குக் கடை விஷயம், இன்னொன்று செல்போன் கடை விஷயம். இரண்டிலும் என் பெயரைச் சொல்லித்தான் மிரட்டியிருக்கிறீர்கள். "மோட்டார் கடையில் 37,000 கட்டினார்கள் தெரியுமா?" என்று.

நான் கேட்பவை இவை.

நான்காவது தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ததை அதே மினிட் புத்தகத்தில், என் கடையைச் சொன்ன வரியை அடித்து, எழுத வேண்டும்.

பொருளாளரிடம் இருக்கும் 7,520ஐ அந்த அம்மாவிடம் ரசீதோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். 22,400 பாக்கி என்று இனி யாரும் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது. மூன்று பத்திரங்களையும் அந்தந்தக் குடும்பத்தாரிடமே ஒப்படைக்க வேண்டும். மற்ற இரண்டு வீடுகளிலும் பொருளின் மதிப்புக்கு மேல் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் திரும்ப வேண்டும்.

படத்தையும் காணொளியையும் குழுவிலிருந்து நீக்கி, பரப்பியவர்களையும் நீக்கச் சொல்ல வேண்டும்.

இனி ஒரு பிள்ளை பிடிபட்டால் சங்க அலுவலகத்தில் உட்கார வைக்கக்கூடாது. பெற்றோருக்கும் குழந்தைகள் நல காவல் அலுவலருக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். நிலையத்தில் தட்டிக்கழித்தால் சங்கம் எழுத்தில் மனு கொடுத்து, நாட்குறிப்பில் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். இழப்பீடு கேட்கிற கடைக்காரர் கொள்முதல் பில்லைக் காட்டட்டும். பேச்சுவார்த்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நடக்கட்டும், அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. பெற்றோர் ஒப்புக்கொண்டால் பில் தொகையை மட்டும் தவணையில் வாங்கட்டும்.

பழைய இரும்புக் கடைகள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் எதையும் வாங்கக்கூடாது, விற்பவரின் ஆதார் நகலோடு பதிவேடு வைக்க வேண்டும் என்று புதிய தீர்மானம் போட வேண்டும். அதற்குக் கட்டுப்படாதவர் உறுப்பினராக இருக்கக்கூடாது. என் 11 கிலோவை வாங்கியவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டம்வரை காத்திருப்பேன். அதற்குள் 7,520 திரும்பாவிட்டால் ஆணைக்குழுவுக்கு நானே மனு எழுதிப் போடுவேன். பத்திரத்தின் நகலை இணைப்பேன். சாட்சிக் கையெழுத்துகளில் இரண்டாவது என்னுடையது என்பதையும், அன்று நான் எதிர்த்து வாய் திறக்கவில்லை என்பதையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுவேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன்,
சங்கத்தில் 19 வருஷ உறுப்பினன்